ரேடியோவால் இயங்கும் பாறை ஏறும் வண்டி

கம்பித் தொடர்பின்றித் தொலைவிலுள்ள பொருளை இயக்கலாம் என்பது நூறாண்டுகளுக்கு மேற்பட்ட உண்மையாகும். 1895-இல் ஜகதீஸ் சந்திர போஸ் கல்கத்தாவில், சுவரைக் கடந்து சென்ற மின்காந்த அலைகளால் மணி ஒன்றை ஒலிக்கச் செய்தார். 1898-இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க் நகரில் சிறு படகு ஒன்றை ரேடியோ அலைகளால் செலுத்திக் காட்டினார். இன்று மாணவர் கையிலுள்ள விளையாட்டு வண்டியும், சந்திரனில் ஊர்ந்த பிரக்யான் ஊர்தியும் இவ்விரு சோதனைகளின் வழித்தோன்றல்களே.

மனிதன் செல்லத் தகாத இடங்கள் பல உண்டு. டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் கதிரியக்கப் பொருள்கள் தடித்த சுவர்களுக்கு அப்பாலிருந்தே கையாளப்படுகின்றன. வெடிகுண்டுகளை அணுகுவதற்காகப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் புனே நிலையம் ‘தக்ஷ்’ என்னும் படியேறும் வண்டியை அமைத்தது. 2021 ஜூலை 18 அன்று பெருமழையின்போது செம்பூரை அடுத்த மாகுல் பகுதியில் மலைச்சரிவுச் சுவர் இடிந்து குடிசைகள் மேல் வீழ்ந்ததில் பலர் உயிரிழந்தனர். இத்தகைய இடிபாடுகளின் மீது மீட்புப் பணியாளர் கால் வைப்பதே அபாயம். பள்ளியில் செய்யும் சிறு வண்டி அப்பணிக்கு உதவாது. எனினும், அப்பணிக்குரிய வண்டியின் தத்துவங்கள் அனைத்தையும் அதனைக் கொண்டே கற்பிக்கலாம்.

பற்சக்கரங்களின் பணி

பாறை ஏறும் வண்டிக்கு வேகம் முக்கியமன்று. முறுக்கு விசையே முக்கியம். வண்டியின் நிறை 2.5 கிலோகிராம் என்றும், சக்கரத்தின் விட்டம் 11 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். 45 பாகைச் சரிவில் அதனைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 17.3 நியூட்டன். சக்கரத்தின் ஆரம் 5.5 சென்டிமீட்டர் ஆதலால், அச்சுகளில் மொத்தம் 0.95 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தேவை. சிறு மோட்டார் நேரடியாக இதனை அளிக்க இயலாது. மோட்டார் 40 முறை சுழல, சக்கரம் ஒருமுறை சுழலுமாறு பற்சக்கரங்களை அமைத்தால் மோட்டாரின் பங்கு 0.024 நியூட்டன் மீட்டராகக் குறையும். உராய்வினால் நேரும் இழப்பை எண்ணி, இதனினும் இருமடங்கு ஆற்றலுள்ள மோட்டாரைத் தேர்ந்தெடுத்தல் நலம்.

இதற்கு ஈடாக வேகம் குறைகிறது. மோட்டார் நிமிடத்துக்கு 8,000 சுற்றுகள் சுழன்றால் சக்கரம் 200 சுற்றுகளே சுழலும். வண்டி மணிக்கு ஏறக்குறைய 4 கிலோமீட்டர் செல்லும். அது மனிதனின் நடை வேகம். பாறையில் அதிலும் குறைவாகவே ஓட்ட வேண்டும்.

டயரும் டிபரன்ஷியலும்

முறுக்கு விசை எவ்வளவு இருப்பினும் பிடிப்பு இல்லையேல் சக்கரம் வழுக்கும். சரிவுக் கோணத்தின் டான்ஜெண்ட் மதிப்பு, டயருக்கும் பாறைக்கும் உள்ள உராய்வுக் கெழுவை மிஞ்சக் கூடாது. 45 பாகைக்கு அம்மதிப்பு 1. மென்மையான ரப்பரும் உலர்ந்த கரடுமுரடான கல்லும் சேர்ந்தால் இதனை அடையலாம். டயருக்குள் காற்றுக்குப் பதிலாக நுரைத்துண்டு இடுவர். அது அமுங்குவதால் டயர் கல்லின் வடிவத்துக்கு இசைந்து படியும். தாராவியில் தோல் பைகள் தைக்கும் பட்டறைகளில் மிஞ்சும் நுரைத்தாள் துண்டுகளை இதற்குச் சோதித்துப் பார்க்கலாம். மழைக்காலத்தில் பாசி படர்ந்த கல்லில் பிடிப்பு வெகுவாகக் குறையும் என்பதையும் மாணவர்கள் நேரில் காண்பர்.

சாலையில் ஓடும் மோட்டார் காரில், திருப்பத்தின்போது இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல டிபரன்ஷியல் உதவுகிறது. ஆனால் அது இரு சக்கரங்களுக்கும் சமமான முறுக்கு விசையையே அளிக்கும். ஒரு சக்கரம் பாறையை விட்டு எழுந்துவிட்டால் அதனைச் சுழற்ற விசை ஏதும் வேண்டுவதில்லை. ஆகவே தரையிலுள்ள சக்கரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றும் கிட்டாது. இதனால் பாறை வண்டியில் டிபரன்ஷியலைப் பூட்டிவிடுவர். திரும்பும்போது டயர்கள் சற்றுத் தேய்வதும், திருப்பத்தின் வட்டம் பெரிதாவதும் இதன் விலையாகும்.

கவிழாதிருத்தல்

புதிதாகச் செய்வோர் அழகுக்காக மேற்கூட்டை உயர்த்தி, அதன் மேல் பாரம் ஏற்றுவது உண்டு. இது தவறு. சரிவில் ஏறும் வண்டி எப்போது பின்புறம் கவிழும் என்பதை எளிதில் கணக்கிடலாம். ஈர்ப்பு மையம் பின்னச்சிலிருந்து எவ்வளவு முன்னே உள்ளதோ, அத்தொலைவை அதன் உயரத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பது கவிழும் கோணத்தின் டான்ஜெண்ட் ஆகும்.

இரு அச்சுகளுக்கும் இடையே 31 சென்டிமீட்டர் உள்ள வண்டியில் ஈர்ப்பு மையம் நடுவே, 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பின், 57 பாகையில் அது கவிழும். பாட்டரியை முன்னும் கீழுமாக மாற்றி, எடையில் 60 விழுக்காடு முன்னச்சின் மேல் விழச்செய்து, உயரத்தை 8 சென்டிமீட்டராகக் குறைத்தால், கோணம் 66 பாகைக்கு மேல் உயரும். செலவில்லாத இம்மாற்றம், விலை மிக்க மோட்டாரை மாற்றுவதினும் பெரும்பயன் தருவது.

ரேடியோவும் பாட்டரியும்

இக்கால வண்டிகளின் செலுத்திகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. குறைந்த திறனுள்ள கருவிகளுக்கு இந்தியாவில் 2005 முதல் இவ்வரிசையில் உரிமம் தேவையில்லை. வண்டியிலுள்ள ஏற்பி, திருப்பும் சர்வோ மோட்டாருக்கு வினாடிக்கு ஏறத்தாழ 50 துடிப்புகளை அனுப்பும். துடிப்பின் நீளம் 1.5 மில்லி வினாடியாயின் சக்கரம் நேராக நிற்கும். 1 மில்லி வினாடியை நோக்கிக் குறைந்தால் ஒரு பக்கமும், 2 மில்லி வினாடியை நோக்கி நீண்டால் மறு பக்கமும் திரும்பும். தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்குமாறு ஏற்பியை முன்னரே அமைத்தல் இன்றியமையாதது. சக்கரங்களைத் தரையினின்று உயர்த்திப் பிடித்து, செலுத்தியை அணைத்து இதனைச் சோதிக்க வேண்டும்.

பள்ளிகளுக்கு 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பாட்டரியே ஏற்றது. இரு கலங்களுள்ள லித்தியம் பாலிமர் பாட்டரி எடை குறைந்தது. ஆயினும் துளைபட்டாலோ, அளவு மீறி மின்னேற்றம் பெற்றாலோ தீப்பற்றக்கூடும். அதனைப் பயன்படுத்துவோர் ஒரு கலத்தின் அழுத்தம் 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்க விடலாகாது. உரிய மின்னேற்றியையே கையாள வேண்டும். மின்னேற்றம் நடக்கையில் ஆசிரியர் அவ்விடம் விட்டு அகலக் கூடாது. உப்பிய பாட்டரியை மீண்டும் பயன்படுத்தலாகாது.

சோதிக்கும் முறை

மின்னணுப் பகுதிகள் மும்பையில் லாமிங்டன் சாலைக் கடைகளில் கிடைக்கும். சட்டத்தை அலுமினியத் தகட்டிலோ தடித்த பிளாஸ்டிக் தகட்டிலோ வெட்டிக்கொள்ளலாம். ஓட்டிப் பார்க்கப் பள்ளி வளாகத்தில் உடைகற்களைக் குவித்தலே போதும். சயான் கோட்டை போன்ற புராதனச் சின்னங்களின் மீது ஓட்டலாகாது. ஒரு பலகையைச் சிறிது சிறிதாக உயர்த்தி, வண்டி வழுக்கும் கோணத்தை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். டயரையும் பாட்டரியின் இடத்தையும் ஒருங்கே மாற்றினால், பயன் எதனால் விளைந்தது என்பது புலப்படாது. மழையில் ஓட்டிய வண்டியைத் துடைத்து உலர்த்தித் தாங்கிகளுக்கு எண்ணெயிடுதலும் வேண்டும். கடற்காற்றில் எஃகு விரைவில் துருப்பிடிக்கும்.

ஓட்டுபவரின் விவேகமும் இயந்திரத்தின் ஓர் உறுப்பே. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரனில் இறங்கிய சந்திரயான்-3 கலத்தின் பிரக்யான் ஊர்தி 26 கிலோகிராம் நிறையும் ஆறு சக்கரங்களும் உடையது. ஆகஸ்டு 27 அன்று 4 மீட்டர் விட்டமுள்ள பள்ளம் ஒன்று 3 மீட்டர் முன்னே இருப்பது தெரிந்ததும், வந்த வழியே திரும்புமாறு அதற்குக் கட்டளையிடப்பட்டது. பின்னர் அது வேறு பாதையில் சென்றது. ஏற இயலாத கல்லைக் கண்டு பின்வாங்கி, மாற்று வழி தேடும் மாணவனைக் கோழை என எண்ணாது, அவன் கண்ட காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதச் செய்வது ஆசிரியரின் கடமையாகும்.