டிஸ்க் இருக்கிறது, விண்டோஸுக்குத்தான் தெரியவில்லை

திண்டுக்கல் சாலை ரோடு பக்கத்து கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்.

“அண்ணே, டிஸ்க் போயிருச்சுண்ணே.”

“எப்படிப்பா சொல்ற?”

“விண்டோஸ் புதுசாப் போடலாம்னு பார்த்தேன். எந்த டிரைவ்ல போடணும்னு கேக்குற இடத்துல ஒண்ணுமே காட்டல.”

“நேத்து வரைக்கும் ஓடுச்சுல்ல?”

“ஓடுச்சுண்ணே.”

“அப்ப டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கு. டிரைவர்தான் இல்ல.”

கடைக்காரர் இழுப்பறையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகுவார். காலியாகக் கிடந்த பட்டியலில் 256 ஜிபி எஸ்எஸ்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். விஷயம் தெரியாதவர் கையில் மாட்டியிருந்தால் நல்ல எஸ்எஸ்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றுக்குப் பணம் வாங்கியிருப்பார். புதியதும் அதே இடத்தில் தெரியாமல்தான் நின்றிருக்கும்.

பிரின்டர் டிரைவர் இல்லையென்றால் பிரின்ட் வராது, சவுண்டு டிரைவர் இல்லையென்றால் பாட்டுக் கேட்காது. இரண்டையும் நாளைக்கு டவுன்லோடு செய்து போட்டுக்கொள்ளலாம். ஸ்டோரேஜ் கன்ட்ரோலரின் டிரைவர் அப்படி ஒத்திப்போடக்கூடியது அல்ல. டிஸ்க்கைப் படிக்க அந்த டிரைவர் வேண்டும். அந்த டிரைவரோ டிஸ்க்கில்தான் ஒரு கோப்பாகக் கிடக்கிறது. அப்படியானால் கணினி தினமும் எப்படித்தான் எழுந்திருக்கிறது?

பவர் பட்டனை அமுக்கியதும் முதலில் விழிப்பது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர். பழைய கணினிகளில் அது பயாஸ், இப்போது யுஇஎஃப்ஐ. டிஸ்க்கை ஓரளவு படிக்க அதற்குச் சொந்தமாகத் தெரியும். அதன் துணையோடுதான் பூட் லோடர் விண்டோஸின் கருநிரலை ரேமுக்குக் கொண்டுவருகிறது. கூடவே, ‘பூட்டிலேயே வேண்டும்’ என்று ரெஜிஸ்ட்ரியில் குறிக்கப்பட்ட சில டிரைவர்களையும் எடுத்து வருகிறது. அதன்பிறகு டிஸ்க்கைப் படிக்க விண்டோஸ் ஃபர்ம்வேரின் கையைப் பிடிப்பதில்லை. தன் டிரைவர் வழியாக நேரே கன்ட்ரோலருடன் பேசுகிறது. கைமாறும் அந்த நொடியில் சரியான டிரைவர் மூட்டையில் இல்லையென்றால், இத்தனை நேரம் எந்த டிஸ்க்கிலிருந்து ஏறி வந்ததோ அந்த டிஸ்க்கே விண்டோஸுக்குத் தெரியாமல் போகிறது. நீலத்திரை, 7பி பிழை, ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’. விண்டோஸ் சின்னம் வந்த பிறகு மெஷின் விழுவது இதனால்தான். சின்னம் தெரிகிறது என்றால் டிஸ்க் படிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இது ஒன்று தெரிந்திருந்தாலே பாதி நோய் பிடிபட்டுவிடும்.

இந்தத் தொல்லைக்கு வயது இருபதுக்கு மேல். விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளிவந்தது. சாட்டா டிஸ்க்குகளோடு பேசுவதற்கான ஏஹெச்சிஐ முறையை இன்டெல் வகுத்தது 2004-ல். ஆகவே எக்ஸ்பி சிடியில் அதற்கான டிரைவர் இருக்க வழியே இல்லை. நிறுவல் தொடங்கும்போது நீலத்திரையின் அடியில் ஒரே வரி சில நொடிகள் தோன்றும்: வேறு நிறுவனத்தின் ஸ்கஸி அல்லது ரெய்டு டிரைவர் இருந்தால் எஃப்6 அமுக்கவும். அமுக்கினால் அமுக்கியதற்கு அடையாளமே இருக்காது. கொஞ்ச நேரம் கழித்து, டிரைவர் உள்ள ஃபிளாப்பியை ஏ டிரைவில் போடு என்று கேட்கும். ஃபிளாப்பி தவிர வேறு எதையும் ஏற்காது. கணினிக் கடைகளில் ஃபிளாப்பி டிரைவே வழக்கொழிந்துவிட்ட காலத்திலும் எக்ஸ்பி அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தது. பொறுமைசாலிகள் சிடியின் உள்ளேயே டிரைவரைச் சேர்த்துப் புது சிடி எழுதிக்கொண்டார்கள். பெரும்பாலான கடைகளில் குறுக்குவழிதான்: பயாஸுக்குள் போய் சாட்டா மோடை ஏஹெச்சிஐயிலிருந்து ஐடிஇக்கு மாற்றிவிடுவது. எக்ஸ்பிக்கு ஐடிஇ தெரியும், உடனே டிஸ்க்கைக் கண்டுகொள்ளும். ஒரே நேரத்தில் 32 கட்டளைகளை வரிசையில் வைத்து வசதிப்படி எடுத்து முடிக்கும் ஏஹெச்சிஐயின் திறமை மட்டும் கைவிட்டுப் போகும். பில் போடும் கணினியில் அதை யார் கவனிக்கப்போகிறார்கள்?

ஆனால் அந்தக் குறுக்குவழியில் ஒரு கண்ணி உண்டு. பயாஸ் அமைப்புகளை நினைவில் வைத்திருப்பது மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி. மெயின்ஸில் மின்சாரம் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும், அந்த பேட்டரிக்கு வேலை குறைவு. இரவில் ஸ்விட்ச்போர்டை அணைத்துவிடும் நம் வீட்டுப் பழக்கத்தில் சுமை முழுவதும் பேட்டரி தலையில் ஏறும். 2012-ல் சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்கள் பட்ட மின்வெட்டை நினைத்துப் பாருங்கள். பேட்டரி செத்தால் பயாஸ் தன் பழைய இயல்புக்குத் திரும்பும். அந்த இயல்பு பல மதர்போர்டுகளில் ஏஹெச்சிஐ. ஐடிஇ மோடில் நிறுவிய விண்டோஸ் அடுத்த நாள் காலை 7பி காட்டி நிற்கும். சில பத்து ரூபாய் பேட்டரியும் பயாஸில் ஒரே ஒரு வரியும் மாற்றினால் தீர்கிற கோளாறு இது. ஹார்டு டிஸ்க்கின் தலையெழுத்தை முடிவு செய்யுமுன் பயாஸில் தேதியைப் பாருங்கள். பல ஆண்டு பின்னால் போயிருந்தால் குற்றவாளி பேட்டரிதான்.

2007-ல் பொதுச் சந்தைக்கு வந்த விஸ்டாவில் ஏஹெச்சிஐ டிரைவர் கூடவே வந்தது; அந்தக் கதை அத்தோடு ஓய்ந்தது. அடுத்தது எஸ்எஸ்டிகளோடு பேசுவதற்கான என்விஎம்இ முறை. 2011 மார்ச்சில் அதன் முதல் பதிப்பு வெளியானது. ஒரே வரிசை, 32 கட்டளை என்றிருந்த இடத்தில் 65,000-க்கும் மேற்பட்ட வரிசைகள், ஒவ்வொன்றிலும் அதே அளவு கட்டளைகள் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியால்தான் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியும். விண்டோஸ் 8.1-லிருந்து அதற்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 7 டிவிடியில் இல்லை. ‘எனக்கு 7-தான் பிடிக்கும்’ என்று புது மெஷினில் அதைப் போட முயன்றவர்கள் பட்ட பாடு தனிக்கதை. என்விஎம்இ டிரைவரும் கிடையாது, அந்த டிரைவரைப் பென் டிரைவில் கொண்டுவரலாம் என்றால் யுஎஸ்பி 3.0 டிரைவரும் கிடையாது.

இனி இன்றைய தொல்லை. இன்டெலின் 11-ஆம் தலைமுறை கோர் செயலிகள் 2020 செப்டம்பரில் அறிமுகமாயின. அவற்றோடு விஎம்டி என்ற பகுதி லேப்டாப்புகளுக்குள் நுழைந்தது. அது முதலில் சர்வர்களுக்கென்று செய்தது. பல என்விஎம்இ எஸ்எஸ்டிகளை ஒரே குடைக்கீழ் கொண்டுவந்து ரெய்டு அமைக்கவும், மெஷினை நிறுத்தாமலே எஸ்எஸ்டியைக் கழற்றி மாட்டவும் உதவும். விஎம்டி ஆன் செய்யப்பட்டிருந்தால் எஸ்எஸ்டி விண்டோஸின் நேரடிப் பார்வையில் படாது. விஎம்டி கன்ட்ரோலர் மட்டும் படும். அந்தக் கன்ட்ரோலருக்கான டிரைவர் ஏறினால்தான் பின்னால் இருக்கும் எஸ்எஸ்டி வெளியே வரும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிச் செய்த நிறுவல் பென் டிரைவில் அந்த டிரைவர் பெரும்பாலும் இருப்பதில்லை. கடையில் கேட்ட ‘ஒண்ணுமே காட்டல’ இதுதான்.

கடைக்காரரின் பென் டிரைவில் இருப்பது இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி, சுருக்கமாக ஆர்எஸ்டி, டிரைவர். இதில் புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தளத்திலிருந்து இறங்குவது ஒரு எக்ஸி கோப்பு. அதை அப்படியே பென் டிரைவில் போட்டால் விண்டோஸ் நிறுவி சீண்டாது. அதற்கு வேண்டியது ஐஎன்எஃப், சிஸ், கேட் என்று முடியும் கோப்புகள். ஓடுகிற வேறொரு கணினியில் எக்ஸியைப் பிரித்து அந்தக் கோப்புறையை எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிப்பதற்கான கட்டளையை இன்டெலே தன் விளக்கப் பக்கத்தில் தருகிறது. நிறுவல் திரையில் ‘லோடு டிரைவர்’ அழுத்தி, ‘பிரவுஸ்’ வழியாக அந்தக் கோப்புறையைக் காட்டினால் பட்டியல் ஒன்று விரியும். 11-ஆம் தலைமுறை என்றால் பெயரின் கடைசியில் 9ஏ0பி என்றிருக்கும். 12-ஆம் தலைமுறையில் 467எஃப். கீழே, ‘இந்தக் கணினிக்குப் பொருந்தாத டிரைவர்களை மறை’ என்று ஒரு கட்டம் டிக் செய்யப்பட்டிருக்கும். அந்த டிக்கை எடுக்காதீர்கள். டிக் இருக்கும்போது பட்டியல் காலியாக இருந்தால் நீங்கள் கொண்டுவந்தது வேறு தலைமுறைக்கானது. ஆர்எஸ்டியின் எல்லாப் பதிப்பும் எல்லாத் தலைமுறைக்கும் ஒத்துவராது. எண் பெரியதாக இருக்கிறதே என்று எடுத்தால் ஏமாற்றம்தான். லேப்டாப் தயாரித்தவரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து அங்கிருப்பதை எடுப்பது உத்தமம்.

ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் என்ன கன்ட்ரோலர் இருக்கிறது என்பதை டிவைஸ் மேனேஜரில் ‘ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ்’ என்பதை விரித்து, ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தில் ஹார்டுவேர் ஐடி பார்த்தால் தெரிந்துவிடும். வெண்டர் எண் 8086 என்றிருந்தால் இன்டெல். 1978-ல் வந்த தன் புகழ்பெற்ற சிப்பின் எண்ணையே கம்பெனி அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1022 என்றால் ஏஎம்டி.

சரி, இத்தனை பாடு எதற்கு, பயாஸில் விஎம்டியை அணைத்துவிடலாமே என்றால், அணைக்கலாம். ஒரே ஒரு எஸ்எஸ்டி உள்ள மாணவர் லேப்டாப்பில் விஎம்டியால் கண்ணுக்குத் தெரிகிற லாபம் எதுவும் இல்லை என்பது என் கருத்து. புதிதாக விண்டோஸ் நிறுவப்போகிறோம், பழைய டேட்டாவை எடுத்து வைத்தாகிவிட்டது என்றால், முதலில் விஎம்டியை அணைத்துவிட்டு நிறுவுவேன். தனி டிரைவரே வேண்டாம். டெல் மாடல்கள் பலவற்றில் இது ‘ரெய்டு ஆன்’ என்ற பெயரில் இருக்கும். ஏசரில் பயாஸ் மெயின் பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அமுக்கினால்தான் அந்த வரியே தலைகாட்டும். ஏன் ஒளித்தார்களோ! ஹெச்பியின் பல லேப்டாப்புகளில் அணைக்க வழியே தந்திருக்க மாட்டார்கள். அங்கே பென் டிரைவ்தான் கதி.

ஓடுகிற விண்டோஸை வைத்துக்கொண்டே மோடை மாற்றுவது வேறு கதை. நேரே மாற்றினால் 7பி வரும். முதலில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து ‘சேஃப் பூட்’ தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்து, அந்த இடைவெளியில் பயாஸில் மோடை மாற்ற வேண்டும். சேஃப் மோடில் எழும்போது விண்டோஸ் தன்னிடமுள்ள அடிப்படை ஸ்டோரேஜ் டிரைவர்களை எழுப்பிக்கொள்ளும். பிறகு ‘சேஃப் பூட்’ டிக்கை எடுத்தால் சாதாரணமாக ஓடும்.

அதற்கும் முன்னால் கவனிக்க வேண்டியது பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், நம்மைக் கேட்காமலே டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டிருக்கலாம். பயாஸில் ஸ்டோரேஜ் மோடைத் தொட்டால் யாரோ மெஷினில் கைவைக்கிறார்கள் என்று சந்தேகித்து 48 இலக்கச் சாவியைக் கேட்கும். பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் ஊர்க்காரர்களுக்குச் சாவியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இங்கே மாற்றுச்சாவி செய்துதர ஆள் கிடையாது. அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முதலில் அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு பயாஸுக்குப் போங்கள். கணக்கு அக்கா பெயரிலோ, பிரவுசிங் சென்டர்க்காரர் ஆரம்பித்துக் கொடுத்த மெயிலிலோ இருந்தால் அதை முதலில் தேடிப்பிடிப்பது நல்லது.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் உண்டு. 2026 ஜனவரியில் தொடங்கிய ‘உலகம் உங்கள் கையில்’ திட்டத்தில் தமிழக அரசு, கல்லூரி மாணவர்களுக்குத் தருவது டெல், ஏசர், ஹெச்பி லேப்டாப்புகள். செயலி இன்டெல் ஐ3 அல்லது ஏஎம்டி ரைசன் 3. 256 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 11-உடன் பாஸ் லினக்ஸ். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய முந்தைய இலவச லேப்டாப் திட்டத்திலும் பாஸ் உண்டு. சி-டாக்கின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. விண்டோஸைப் புதிதாகப் போடும் அவசரத்தில் எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்தால் பாஸும் போய்விடும். லினக்ஸுக்கும் இதே கைமாறும் சிக்கல் உண்டு. அது தனக்கு வேண்டிய டிரைவர்களை இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு பொட்டலமாகக் கட்டி பூட்டிலேயே ரேமுக்கு எடுத்துக்கொள்கிறது.

ஏஎம்டி லேப்டாப் கையில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி தேவைப்படாது. ரெய்டு அமைக்காதவரை விண்டோஸில் உள்ள என்விஎம்இ டிரைவரே போதும். டெஸ்க்டாப்பில் ரெய்டு அமைப்பவர்கள் மட்டும் ஆர்சிபாட்டம், ஆர்சிரெய்டு, ஆர்சிசிஎஃப்ஜி என்று மூன்று டிரைவர்களை அதே வரிசையில் ஏற்ற வேண்டும்.

கடைசியாக, விண்டோஸ் அப்டேட்டின் விருப்பப் பட்டியலில் ‘இன்டெல் - ஸ்கஸிஅடாப்டர்’ என்று ஒன்று அவ்வப்போது வந்து நிற்கும். நம்மிடம்தான் ஸ்கஸி டிஸ்க் கிடையாதே என்று மிரள வேண்டாம். ரெய்டு, விஎம்டி, என்விஎம்இ எல்லாவற்றையும் விண்டோஸ் அந்தப் பழைய வகுப்பின் கீழேதான் வைத்திருக்கிறது. அங்கே வருவது உங்கள் ஹார்டுவேர் ஐடிக்குப் பொருந்துவது என்பதால், ஏதேனும் கோளாறு இருந்தால் போட்டுப் பார்க்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். ‘எல்லா டிரைவரும் ஒரே டிவிடியில்’ என்று கிடைக்கும் டிரைவர் பேக்குகளை வேறு எதற்குப் பயன்படுத்தினாலும், ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் வரிக்கு முன்னால் உள்ள டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். சவுண்டு டிரைவர் தப்பானால் கணினி ஊமையாகும், அதைத் திருத்த கணினி எழுந்திருக்கும். ஸ்டோரேஜ் டிரைவர் தப்பானால் ‘ரோல் பேக்’ பட்டன் இருக்கும் திரைவரை போகவே முடியாது. நிறுவல் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, ரிக்கவரி வழியாகத்தான் பழையதை மீட்க வேண்டியிருக்கும்.