கரையோரத்துக்கு ஒரு தனிச் சபை: வடமராட்சி கிழக்கும் நாமும்

லாச்சப்பல் கடைகளுக்கு நாம் சாமான் வாங்கப் போனால், எங்காவது ஓர் ஊர்ச் சங்கத்தின் நிகழ்ச்சித் துண்டுப்பிரசுரம் கண்ணிற் படாமல் திரும்புவதில்லை. கார்ஜ் லே கொனெசிலும் சார்செலிலும் வாழும் எம்மவர் தம் ஊர்களுக்குக் கொடுத்து வருகின்றனர். பாடசாலைக்கு மண்டபம், கோயிலுக்கு மதில், கடற்றொழிலாளருக்கு வலையும் இயந்திரமும் என்று அந்தப் பட்டியல் நீளும். கொடுப்பதில் எமக்குக் குறையில்லை. ஆனால் கட்டிய மண்டபத்துக்கு ஐந்தாண்டுகளின் பின் கூரை திருத்துவது யார், போட்ட தெருவிளக்கின் மின்கட்டணத்தைச் செலுத்துவது யார் என்று கேட்டால், அங்கும் பதிலில்லை, இங்கும் பதிலில்லை. நன்கொடை ஒருமுறை வரும். வரி ஆண்டுதோறும் வரும். கரையோர ஊர்களுக்கு இல்லாதது இந்த இரண்டாவதுதான்.

வடமராட்சி கிழக்கை எடுத்துக்கொள்வோம். நாகர்கோவில், செம்பியன்பற்று, தாளையடி, மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று ஒரே மணற்கரையில் வரிசையாய் அமைந்த ஊர்கள் இவை. 1991 யூலையில் வெற்றிலைக்கேணியில் படையினர் தரையிறங்கிய நாள் முதல் இம்மக்கள் எத்தனை முறை இடம்பெயர்ந்தனர் என்பதை இங்குள்ள குடும்பங்களே அறியும். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை மிச்சமிருந்ததையும் வாரிச் சென்றது. உடுத்துறையில் உள்ள நினைவாலயம் அதற்குச் சாட்சி.

இந்தக் கரைக்கு மருதங்கேணியிற் பிரதேச செயலகம் உண்டு. ஆனால் தனிப் பிரதேச சபை இல்லை. யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள் இருக்க, பிரதேச சபைகளோ 13 மட்டுமே. வடமராட்சி கிழக்கு பருத்தித்துறைப் பிரதேச சபையின் ஒரு கோடியாகவே இருந்து வருகிறது. வெற்றிலைக்கேணியிலிருந்து பருத்தித்துறைக்கு முப்பது கிலோமீற்றருக்கும் மேல். உதவி அரசாங்க அதிபர் பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு சபை என்பதே 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் அடிப்படை எண்ணமாயிருந்தது. அந்த எண்ணம் இந்தக் கரையை எட்டவில்லை.

சபை இல்லாததால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்போர் உளர். கடற்கரையில் உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. மணல் அகழ்வதற்கான அனுமதி வேறொரு பணியகத்தின் கையில். குடத்தனை, அம்பன் பக்கத்து மணல் வண்டி வண்டியாய் ஏறிப் போகிறது. தாளையடியில் 2024 ஓகஸ்டிற் திறக்கப்பட்ட கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரவல்லது. கடல் அவர்களுடையது, மணல் அவர்களுடையது, தீர்மானங்கள் மட்டும் வேறிடத்தில். தமக்கென ஒரு சபை இருந்தால் இவையெல்லாம் அதன் அதிகாரத்துக்குள் வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எழுந்து நின்று கேட்க ஒரு தவிசாளராவது இருப்பார்.

கரையை ஓர் அலகாகக் கொண்டு நிர்வகிக்கும் எண்ணம் எமக்குப் புதியதன்று. 2005 யூன் 24 இல் அரசும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட பொதுக்கட்டமைப்பு அதைத்தான் செய்ய முயன்றது. கடலிலிருந்து நிலப்பக்கமாக 2 கிலோமீற்றர் என்று அது ஓர் எல்லை வகுத்தது. ஆறு மாவட்டங்களுக்கும் குழுக்கள், அவற்றின் மேல் ஒரு பிராந்தியக் குழு, அதற்கென ஒரு நிதியம் என்பன அதில் இருந்தன. ஜே.வி.பி. அரசிலிருந்து விலகி நீதிமன்றம் சென்றது. கையொப்பமிட அழைக்கப்படாத முஸ்லிம் கட்சிகளும் மனக்கசப்படைந்தன. அதில் நியாயம் இருந்தது. யூலை 15 இல் உயர் நீதிமன்றம் முக்கிய பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. மூன்று வாரத்தில் முடிந்துபோன கதை அது. பேரலைக்கான உதவி வந்த காலத்தில், கரைக்கென்று ஒரு பணப்பெட்டி இல்லாமலே போயிற்று.

நாம் வாழும் பிரான்சில் இக்காரியம் வேறு விதமாய் நடந்தது. 1865 யூன் 21 ஆம் திகதிச் சட்டம் காணிச் சொந்தக்காரர் கூடிச் சங்கம் அமைக்க வழி செய்தது. அச்சட்டம் குறித்த நோக்கங்களில் முதலாவதே கடலிலிருந்தும் ஆறுகளிலிருந்தும் காத்துக்கொள்வதுதான். 2004 இல் அது புதுப்பிக்கப்பட்டது. இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அரச அங்கீகாரம் பெற்ற இத்தகைய சங்கத்தில் உறுப்புரிமை ஆளுக்கன்று, காணிக்கு. காணியை விற்றால் வாங்குபவர் உறுப்பினராகிவிடுவார். சொந்தக்காரர் எந்த நாட்டில் இருந்தாலும் அவர் பங்கு வரியைப் போலவே அறவிடப்படும்.

இம்முறையும் குறையற்றதன்று. 2010 பெப்ரவரி 27 இரவு தொடங்கி மறுநாள் வரை வீசிய சிந்தியா புயலில் லா ஃபோத் சூர் மேர் என்ற ஒரே ஊரில் 29 பேர் மாண்டனர். கடலணையைக் காக்கும் பொறுப்பைச் சிறு சங்கங்களிடம் மட்டும் விட்டுவிட முடியாதென்பது அப்போது தெளிவாயிற்று. 2014 ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொறுப்பை நகரசபைகளிடமும் அவற்றின் கூட்டமைப்புகளிடமும் ஒப்படைத்தது. தலைக்கு 40 யூரோ என்ற உச்சவரம்புக்குள் தனிவரி விதிக்கவும் இடங்கொடுத்தது. இங்கு சொந்த வீடு வாங்கியோர் தமது தக்ஸ் ஃபொன்சியர் தாளை எடுத்துப் பார்க்கட்டும். ஜெமாப்பி என்றொரு நிரல் இருக்கும். வெள்ளத்தையும் கடலையும் தடுப்பதற்கான வரி அதுவே.

எமது சட்டத்திலும் வழி அடியோடு அடைபட்டிருக்கவில்லை. பிரதேச சபை, அமைச்சரின் ஒப்புதலோடு ஒரு பகுதியைக் கட்டடம் செறிந்த இடமென அறிவித்து, ஆண்டுப் பெறுமதியில் 10 வீதத்துக்கு மேற்படாமற் சோலைவரி அறவிடலாம். கரைவலை இழுப்பவரின் வாடிக்கு எவ்வளவு வரி போட முடியும்? அதிகமில்லைத்தான். ஆனால் பூட்டிக் கிடக்கும் மாடிவீடுகளும் வேலியடைத்த காணிகளும் யாருடையவை? பெரும்பாலும் எம்முடையவை. மண்டபத்துக்கு ஆயிரம் யூரோ தந்து பெயர்ப்பலகையில் இடம்பிடிக்கும் நாம், அதே ஊரில் எமது காணிக்குரிய சோலைவரியைத் தவறாமற் கட்டத் தயாரா? தனிச் சபை கேட்பவர் முதலில் விடை சொல்ல வேண்டிய வினா இது.

கேட்பது எளிதாகக் கைகூடும் என்று யாரும் எண்ண வேண்டாம். அம்பாறை மாவட்டத்துக் கரையோர ஊரான சாய்ந்தமருது, கல்முனையிலிருந்து பிரித்துத் தனக்கொரு சபை தருமாறு பல்லாண்டு போராடியது. 2020 பெப்ரவரியில் நகரசபையாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டும், சில நாட்களிலேயே அமைச்சரவை அதை நிறுத்திவைத்தது. அயல் ஊர்களோடு எல்லை பேசி முடிக்காமற் போனால் வர்த்தமானியும் காகிதமாகிவிடும் என்பதை அங்கு கண்டோம். வடமராட்சி கிழக்கிலோ பிரதேச செயலக எல்லை முன்னரே வரையப்பட்டிருக்கிறது. பருத்தித்துறைச் சபை இழக்கப் போகும் வருமானமும் ஆளணிப் பங்கீடுமே பேசித் தீர்க்க வேண்டியவை.

வடமராட்சி கிழக்கின் ஊர்ச் சங்கங்கள் ஊருக்கொன்றாகத் தனித்தனியே கூடுகின்றன. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டங்களுக்கு முன், அவை ஒரு முறையாவது ஒரே மண்டபத்தில் அமர்ந்து, அங்குள்ள கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கருத்தைக் கடிதமூலம் பெற்று, ஒரே மனுவாக எழுதலாம். உள்ளூராட்சிக்குப் பொறுப்பான அமைச்சுக்கும் பருத்தித்துறைப் பிரதேச சபைக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பினாற் போதும். மனுவோடு, இங்குள்ளோர் தம் காணிகளுக்குச் செலுத்திய சோலைவரிப் பற்றுச்சீட்டுகளின் படிகளையும் இணைத்தால் அம்மனுவுக்கு வேறொரு பலம் கிடைக்கும்.