சாதியை விட்டுவிடும் அட்டவணைகள்: ஆய்வுச் சுவரொட்டி அரங்கில் நமது பணி

மருத்துவம், செவிலியம், பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவர்கள் தம் ஆய்வைப் பொதுவில் முன்வைக்கும் முதல் மேடை பெரும்பாலும் ஆய்வுச் சுவரொட்டி அரங்காகவே இருக்கிறது. பல்கலைக்கழக மண்டபத்தில் வரிசையாக நிறுத்தப்பட்ட பலகைகள். ஒவ்வொன்றின் அருகிலும் ஆய்வு செய்த மாணவர். சில நிமிடங்கள் நின்று, கேள்வி கேட்டு, மதிப்பெண் இட்டுச் செல்லும் நடுவர்கள். சான்றிதழுக்கான சடங்கு என்றே பலரும் இதைக் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. எது நோய்க்குக் காரணம், எது காரணமன்று என்னும் பார்வை இளம் மருத்துவரிடம் உருப்பெறும் இடங்களுள் இதுவும் ஒன்று.

கருவுற்ற பெண்களின் இரத்தசோகை குறித்த ஒரு சுவரொட்டியை எடுத்துக்கொள்வோம். முதல் அட்டவணையில் வயது, கல்வி, வருமானம், உணவுப் பழக்கம் ஆகியவை இருக்கும். சாதி இருக்காது. கேட்டால், 'அது உணர்வுபூர்வமான செய்தி' என்றோ, 'வருமானத்திலேயே அது அடங்கிவிடும்' என்றோ விடை வரும். இவ்விரண்டாம் விடையே ஆராயத்தக்கது.

2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பட்டியல் சாதிக் குழந்தைகளில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தனர். பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்டோர் ஆகிய பிரிவுகளில் சேராத குடும்பங்களில் அது 31 விழுக்காடு. இந்த இடைவெளி வறுமையால் மட்டும் வந்ததா? சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா ஆகியோர் 9 மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2 கோடிப் பேரின் தரவுகளைக் கொண்டு ஆயுள் எதிர்பார்ப்பைக் கணக்கிட்டு 2022இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் எதிர்பார்ப்பு 3 ஆண்டுகளுக்கு மேலும், பழங்குடியினரின் ஆயுள் எதிர்பார்ப்பு 4 ஆண்டுகளுக்கு மேலும் குறைவு என்று அவர்கள் கண்டனர். பொருளாதார நிலை இவ்விடைவெளியில் பாதியைக்கூட விளக்கவில்லை. ஆகவே, சாதியை வருமானத்துக்குள் அடக்கிவிடுவது நடுநிலை ஆகாது. அது ஒரு காரணத்தைக் கண்ணிலிருந்து மறைப்பது.

அதே கண்டிப்பு நமக்கும் வேண்டும். தலித் பெண்கள் உயர்சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டுகள் முன்னதாக இறக்கின்றனர் என்று நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையில் உள்ள எண் அது. ஆனால் அது இறந்தோரின் சராசரி வயதில் உள்ள வேறுபாடு. ஆயுள் எதிர்பார்ப்பு அன்று. ஒரு சமூகத்தில் இளையோரின் பங்கு மிகுந்திருந்தால் இறந்தோரின் சராசரி வயது அதனாலேயே குறையும். இவ்வேறுபாட்டை அறியாமல் எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிட்டால், நடுவரின் ஒரே கேள்வியில் முழு ஆய்வும் ஐயத்துக்குள்ளாகும். எண் எதை அளக்கிறது என்பதை எண்ணுக்குக் கீழேயே எழுதிவிடுவது நல்லது.

சாதியை அட்டவணையில் சேர்ப்பவர் ஆய்வில் பங்கேற்றோரைக் காக்கவும் கடமைப்பட்டவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் அறிந்து அளிக்கும் ஒப்புதலையும் தனியுரிமையையும் வலியுறுத்துகின்றன. சிற்றூரின் பெயரையும் சாதியையும் நோயையும் ஒருங்கே எழுதினால், பெயர் சொல்லாமலேயே ஒருவரை ஊரார் அடையாளம் காண்பர். மலக்குழியில் இறங்கும் தொழிலாளியின் முகத்தைப் படமாக்கிப் பலகையில் ஒட்டுவதும் இத்தகைய பிழையே. அவர் அங்கே சாட்சியாக நிறுத்தப்படவில்லை, காட்சியாக நிறுத்தப்படுகிறார்.

இனி, பலகையருகே நிற்கும் மாணவரைப் பற்றி. ஆய்வுச் சுருக்கத்தைப் பெயர் மறைத்து மதிப்பிட முடியும். சுவரொட்டியை முன்வைப்பவர் நேரில் நிற்கிறார். அவருடைய பெயர், ஊர், ஆங்கில உச்சரிப்பு யாவும் நடுவர் முன் இருக்கின்றன. தில்லி எய்ம்ஸ் நிறுவனம் குறித்து சுகதேவ் தோரட் குழு 2007இல் அளித்த அறிக்கையை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். செய்முறை, வாய்மொழித் தேர்வுகளில் தேர்வாளர்கள் தம் சாதியை விசாரித்ததாக, அக்குழுவிடம் பேசிய தலித், பழங்குடி மாணவர்களில் பெரும்பாலோர் தெரிவித்தனர். சுவரொட்டி அரங்கும் ஒருவகை வாய்மொழித் தேர்வே. எனவே மதிப்பெண் அளவுகோல் எழுத்தில் முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும். ஒவ்வொரு சுவரொட்டியையும் குறைந்தது இரு நடுவர் தனித்தனியே மதிப்பிட வேண்டும். தமிழில் விளக்கும் உரிமை வேண்டும். பதிவுக் கட்டணம், அச்சுச் செலவு, பயணச் செலவு ஆகியவற்றுக்கு முதல் தலைமுறை மாணவர்க்கு உதவித்தொகை வேண்டும். இவை சலுகைகள் அல்ல. நேர்மையான மதிப்பீட்டின் அடிப்படைகள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு சொல். அரங்கு முடிந்ததும் அந்தப் பிளெக்ஸைச் சுருட்டி விடுதி அறையின் மூலையில் வைத்துவிடாதீர்கள். தரவு தந்த குடியிருப்புக்கு அதைத் தமிழில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் கொடுத்த பெண், தம் ஊரில் எத்தனை பேருக்கு இரத்தசோகை என்பதை அறிந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை ஏன் வரவில்லை என்று அவரே கேட்பார். நடுவர் எழுப்பாத கேள்வி அது.