உங்களுக்குத் தெரியுமா? நீச்சல் குளமும் குளோரினும்

● 2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளத்தின் நீலத் தண்ணீர் திடீரென்று பச்சையாகிப் போனது. அடுத்த நாள் பக்கத்துக் குளமும் நிறம் மாறியது. தொடக்க விழா நாளன்று பராமரிப்பு ஆள் ஒருவர் 160 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீரில் கலந்துவிட்டதே காரணம் என்று பிறகு தெரிந்தது. பெராக்சைடும் கிருமிநாசினி, குளோரினும் கிருமிநாசினி. ஆனால் இரண்டும் சேர்ந்தால் பெராக்சைடு குளோரினைச் செயலிழக்கச் செய்துவிடும். தடுக்க ஆளில்லாததால் பாசி தழைத்தது. கடைசியில் பக்கத்தில் இருந்த அந்தப் பெரிய குளத்தை வடித்து, பயிற்சிக் குளத்திலிருந்து சுமார் 37 லட்சம் லிட்டர் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். எதைச் சேர்க்கிறோம் என்பதைவிட, சேர்த்தது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதே முக்கியம்.

● நீங்கள் போடும் குளோரின் முழுவதும் கிருமியைக் கொல்வதில்லை. தண்ணீரில் கரைந்த குளோரின் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும் பங்குதான் வீரியமானது. மற்றொரு பங்கு பெயருக்குத்தான் குளோரின். கிருமிகளைக் கொல்வதில் அதற்குப் பல மடங்கு மந்தம். எந்தப் பங்கு எவ்வளவு என்பதைத் தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு முடிவு செய்கிறது. பிஎச் 7.5 என்றால் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. 8 ஆனால் வீரியமான பங்கு கால்வாசியாகக் குறைந்துவிடும். "எவ்வளவு போட்டாலும் பாசி போகவில்லை" என்று சலித்துக்கொள்ளும் பல வீடுகளில் குளோரினுக்குப் பஞ்சமில்லை. பிஎச்தான் ஏறிக் கிடக்கும். முதலில் அதை 7.2 முதல் 7.6க்குள் கொண்டுவாருங்கள். பிறகு குளோரின் போடுங்கள். இந்த வரிசை மாறினால் காசும் மருந்தும் வீண்.

● வீட்டுக் குளத்தில் எதனோடும் சேராமல் தனித்திருக்கும் குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருந்தால் போதும்.

● எவ்வளவு போடுவது? 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 48,000 லிட்டர் தண்ணீர் இருக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் கூட்ட 48 கிராம் குளோரின் தேவை. 65 சதவீத வீரியமுள்ள குருணை (கால்சியம் ஹைப்போகுளோரைட்) என்றால் சுமார் 75 கிராம். 30 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் 160 கிராம். தண்ணீர் பச்சையாகிவிட்டால் ஒரே தடவையில் பத்து மடங்கு போட வேண்டியிருக்கும். அதாவது குருணையில் சுமார் முக்கால் கிலோ. கையளவும் கண்ணளவும் இங்கே உதவாது. சமையலறைத் தராசைத் தொடாமல், இதற்கென்று தனித் தராசு வைத்துக்கொள்ளுங்கள்.

● அந்தப் பெரிய அளவைப் போட வேண்டிய நேரம் பொழுது சாய்ந்த பிறகு. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் பாதுகாப்பில்லாத குளோரினில் பெரும்பகுதி ஓரிரு மணி நேரத்தில் அழிந்துவிடும். இரவு முழுக்க மோட்டாரும் வடிகட்டியும் ஓடட்டும். மருந்து போடும் முன் சுவரையும் படிக்கட்டின் மூலைகளையும் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்க்க வேண்டும். கரும்பாசி ஒட்டிய இடத்தில் மேல்படலம் கிழிந்தால்தான் மருந்து உள்ளே போகும். மறுநாள் தண்ணீர் பால் கலந்ததுபோல் இருந்தால் பயப்பட வேண்டாம். செத்த பாசி மிதக்கிறது. வடிகட்டியைத் திருப்பி அலசி, தெளியும்வரை ஓட்டுங்கள்.

● வெயிலிலிருந்து குளோரினைக் காப்பது சயனூரிக் அமிலம். லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் போதும். மெதுவாகக் கரையும் டிரைகுளோர் மாத்திரையில் இது ஏற்கெனவே சேர்ந்தே வருகிறது. விவரம் தெரியாமல் மாதக்கணக்கில் மாத்திரை மட்டுமே போட்டால் அமிலம் சேர்ந்துகொண்டே போய் குளோரினையே கட்டிப்போட்டுவிடும். குளோரின் வெயிலில் போகும், இது போகாது. வீடுகளில் கைக்கு எட்டும் வழி ஒன்றுதான்: தண்ணீரில் ஒரு பகுதியை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவது.

● மூக்கைத் துளைக்கும் "குளோரின் வாடை" வந்தால் மருந்து அதிகம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நேர்மாறு. வியர்வை, சிறுநீர், உடலில் பூசிய கிரீம் இவற்றோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்களின் வாடை அது. கண் சிவப்பதும் பெரும்பாலும் அதனால்தான். பிள்ளைகளைக் குளித்துவிட்டு இறங்கச் சொல்வது வெறும் ஒழுக்கப் பாடமல்ல, குளோரினை மிச்சப்படுத்தும் வேலை.

● வெளுத்த தலைமுடி பச்சை பாய்வதற்குக் காரணம் குளோரின் அல்ல, தாமிரம். பாசியைக் கொல்லப் போடும் மயில்துத்தத்திலிருந்து வரக்கூடியது அது.

● பெருமழை பெய்த மறுநாள் குளம் பச்சையாவது ஏன்? மழைநீர் குளோரினை நீர்க்கச் செய்கிறது. கூடவே தூசியும் மண்ணும் உரச்சத்தும் அடித்து வருகின்றன. பாசி வித்துகள் காற்றில் எப்போதும் இருப்பவை. மழை விட்டதும் தண்ணீரைச் சோதியுங்கள், பச்சை தெரியும்வரை காத்திருக்காதீர்கள்.

● நம் ஊர்களில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதில் சுண்ணாம்பு கலந்த பிளீச்சிங் பவுடரையும் தொடர்ந்து போட்டால் பிஎச் ஏறும், டைல்ஸில் வெள்ளைப் படிவு ஏறும். அதைத்தான் போட வேண்டும் என்றால் வாளித் தண்ணீரில் கரைத்து, அடியில் கசடு தங்கவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள்.

● சோதனைக் குழாயில் எடுத்த குளத்து நீரில் இளஞ்சிவப்பு நிறம் தரும் சோதனை மருந்தைச் சொட்டு விட்டதும் அந்த நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது. நிறமே வராவிட்டால் "இல்லை" என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். குளோரின் மிக மிக அதிகமாக இருந்தாலும் அது அந்த நிறத்தை வெளுத்துவிடும். நல்ல தண்ணீர் கலந்து மறுபடி பாருங்கள்.

● 1908ல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் மருத்துவர் ஜான் லீல் ஊர்க் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்க ஏற்பாடு செய்தார். அந்த வழிமுறை பரவியதும் டைபாய்டு, காலரா போன்ற நோய்களின் பிடி தளர்ந்தது. அதே குளோரினை வாயுவாக 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்ரே போர்க்களத்தில் ஜெர்மானியப் படை ஆயுதமாகத் திறந்துவிட்டது. மருந்து அறையில் இந்த வாயு உண்டாக ஒரு கவனக்குறைவு போதும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் படவே கூடாது. ஒருவகைக் குளோரின் அளந்த கரண்டியை இன்னொன்றில் விடக் கூடாது. டிரைகுளோரும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். தண்ணீரில்தான் மருந்தைப் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. டப்பாக்களைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல், காற்றோட்டமான இடத்தில் பூட்டி வையுங்கள்.

● சரியான அளவில் குளோரின் இருந்தும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடிருக்கும் ஒட்டுண்ணி உண்டு: கிரிப்டோஸ்போரிடியம். வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் மூலம்தான் அது குளத்துக்கு வருகிறது. வயிறு சரியில்லாத பிள்ளை எவ்வளவு அடம்பிடித்தாலும் குளத்தில் இறக்க வேண்டாம்.

● குளத்தின் தரையும் அடியில் உள்ள வடிகால் மூடியும் கரையில் நின்றபடியே தெளிவாகத் தெரிய வேண்டும். கலங்கிய பச்சைத் தண்ணீரில் மூழ்கும் குழந்தை யார் கண்ணிலும் படாது. அடி தெரியும்வரை, குளோரினும் பிஎச்சும் அளவுக்குத் திரும்பும்வரை, தயவுசெய்து யாரையும் இறங்கவிடாதீர்கள்.