மானுக்கும் பன்றிக்கும் ஒரு முதல் துப்பாக்கி

நம் வீட்டுப் பிள்ளை முதல் கார் வாங்கினால் பத்துப் பேர் யோசனை சொல்வார்கள். முதல் வீடு வாங்கினால் இருபது பேர். முதல் வேட்டைத் துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்று சொன்னால் யோசனை சொல்ல ஆளே இருக்காது. "எதுக்குடா அது?" என்று கேட்கத்தான் ஆள் இருக்கும். எங்கள் குடும்பத்தில் போன வருடம் இந்தக் கேள்வி வந்தது. மாதக்கணக்காகப் பேசி, படித்து, கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். வேறு வீடுகளுக்கும் உதவும்.

நான் இருப்பது யாங்கோன் நகரத்தின் வடமேற்கே, ஷ்வேப்யிதாவில். ஷ்வே என்றால் தங்கம், ப்யி என்றால் நாடு, தா என்றால் இனிமை. பேரில் இருக்கிற தங்கத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. 1980-களில் உருவான புறநகர் இது. அப்பா பகோ பக்கம் வயல் வைத்திருந்தவர். நெல் கதிர் பிடிக்கும்போது பன்றி இறங்கும் என்பதால் உரிமம் வாங்கி ஒரு பன்னிரண்டு போர் இரட்டைக் குழல் வைத்திருந்தார். வயலை விற்று நகரத்துக்கு வந்தபோது அதை ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் துப்பாக்கி கிடையாது.

இன்றைக்கு இங்கே அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்லவே யோசிப்போம். 2021 மார்ச் 14-ஆம் தேதி ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டபோது முதலில் வந்த இரண்டு ஊர்கள் பக்கத்து ஹ்லைங்தாயாவும் எங்கள் ஷ்வேப்யிதாவும்தான். அப்படிப்பட்ட ஊருக்கு நியூசிலாந்திலிருந்து அக்கா மகன் போன் போட்டு, "மாமா, தாத்தா வேட்டைக்குப் போனவராச்சே, நான் எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். போனை வாங்கி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "நாங்க இங்க அந்தச் சத்தத்தைக் கேட்டு விளக்கை அணைச்சிட்டு உக்காந்திருந்தோம். நீ அங்க காசு குடுத்து வாங்குறியா?"

அவள் கோபம் நியாயமானது. அவன் கேள்வியும் தப்பானதில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் நான் பதில் தேடினேன்.

அங்கே மான் என்றால் என்ன?

நியூசிலாந்தின் சொந்தத் தரைப் பாலூட்டி வௌவால் மட்டும்தான். மான், பன்றி, ஆடு எல்லாமே வெளியிலிருந்து மனிதன் கொண்டுபோய் விட்டவை. அவற்றைத் தின்ன அங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. பெருகிப் போய் அந்த நாட்டுக் காட்டின் இளஞ்செடிகளை மேய்ந்து தீர்க்கின்றன. அதனால் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறையே பொதுக் காடுகளில் வேட்டையாட இலவசமாக அனுமதிச் சீட்டு தருகிறது.

மருமகன் இருப்பது மனவாத்தூ பகுதியில். அந்தப் பக்கத்துக் காடுகளில் திரியும் கடமான் 1870-களில் இலங்கையிலிருந்து கப்பலேறிப் போனது. இலங்கைத் தமிழர் மரை என்றும், தென் தமிழ்நாட்டில் மிளா என்றும் சொல்கிற அதே மான். நமக்கு முன்னாடியே குடிபெயர்ந்த சொந்தக்காரர் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

நம் ஊர்களில் கதை தலைகீழ். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை சிறைக்குப் போகிற குற்றம். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிக்கு மட்டும் சில மாநிலங்களில் விதி தளர்ந்திருக்கிறது. கேரளாவில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரரைக் கொண்டு சுட உத்தரவு தரலாம். மியான்மரில் 1994-இல் ஒரு சட்டம், 2018-இல் அதைவிடப் புதியது ஒன்று. இங்கே அழிந்துவரும் தமின் மானைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் நாங்கள் ஹ்லோகா பூங்காவுக்குத்தான் கூட்டிப் போவோம். ஆகவே ஊரில் விடுமுறைக்கு வந்து, "நான் அங்கே வேட்டைக்காரன்" என்று யாரும் பெருமை பேசி இங்கே காட்டுக்குள் கிளம்பிவிடக் கூடாது.

துப்பாக்கிக்கு முன்னால் உரிமம்

நியூசிலாந்தில் 16 வயது நிரம்பினால் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். பாதுகாப்புப் பயிற்சி, தேர்வு, வீட்டுக்கே வந்து சோதனை எல்லாம் உண்டு. 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு தானே தோட்டா ஏறும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைத் தடை செய்துவிட்டார்கள். 2023 ஜூன் முதல் ஒவ்வொரு துப்பாக்கியும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. விண்ணப்பதாரரோடு வாழ்கிறவரையும், உறவினரல்லாத ஒருவரையும் தனியாக விசாரிப்பார்கள். குடிக்கிறானா, கோபப்படுகிறானா, மனசு சரியில்லாமல் இருக்கிறானா என்று கேட்பார்கள். ஆக, மனைவிக்கு மனசில்லை என்றால் காரியம் அங்கேயே நின்றுவிடும். "கடைக்குப் போறதுக்கு முன்னாடி உன் பொண்டாட்டிகிட்ட பேசு"ன்னு நான் சொன்னது அதனால்தான்.

மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்கு: கனடாவில் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்து உரிமம் வாங்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1996 ஒப்பந்தத்துக்குப் பிறகு, எதற்காக வேண்டும் என்பதற்கு உண்மையான காரணம் காட்ட வேண்டும். டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சி கட்டாயம். எங்கே இருந்தாலும் முதல் படி கடை இல்லை, பயிற்சி வகுப்புதான்.

எந்தத் தோட்டா?

துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது என்றால் உண்மையில் முதலில் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது. மானுக்கும் பன்றிக்கும் பொதுவாக நாலு பேர் அடிபடும்.

.243 வின்செஸ்டர், 1955-இல் வந்தது. 100 கிரெய்ன், அதாவது ஆறரை கிராம் எடையுள்ள குண்டு. தோளில் மெதுவாகத்தான் உதைக்கும். சின்ன மானுக்குப் போதும். பெரிய ஆண் பன்றிக்கும் கடமானுக்கும் இடம் பார்த்துச் சுட வேண்டும். இங்கிலாந்தில் பெரிய மான்களுக்குச் சட்டமே .240 அங்குலக் குழலும் 1,700 அடி-பவுண்டு விசையும் குறைந்தபட்சம் என்று வைத்திருக்கிறது. இது அந்தக் கோட்டைச் சற்றுத் தாண்டி நிற்கிறது.

.308 வின்செஸ்டர், 1952. 150 கிரெய்ன் குண்டு, நொடிக்குச் சுமார் 2,800 அடி வேகம். எந்த ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும். கடமான் வரை எதற்கும் போதும். உதை .243-ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல்.

7 எம்எம்-08 ரெமிங்டன், 1980. .308-இன் கூட்டைக் கழுத்தில் ஒடுக்கிச் செய்தது. 140 கிரெய்ன் குண்டு, மட்டான உதை. அதிகம் பேசப்படாத நல்ல பிள்ளை.

6.5 கிரீட்மோர், 2007. காற்றில் அலையாது, தூரத்துக்கு நேராகப் போகும், உதையும் குறைவு. இன்றைக்கு இளைஞர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

இதில் ஒரு கணக்கை மறந்துவிடக் கூடாது. காட்டுக்குள் பெரும்பாலான மான் 100 மீட்டருக்குள்தான் கண்ணில் படும். அந்தத் தூரத்தில் நாலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தோளில்தான் இருக்கிறது. உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கும்போது கண்ணை மூடுவான், குண்டு குடலில் படும், மான் ஓடிப்போய் எங்கோ கிடந்து இரண்டு நாள் கழித்துச் சாகும். பெரிய தோட்டா வாங்கினால் கருணை என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். சரியான இடத்தில் பட்ட .243, தப்பான இடத்தில் பட்ட எந்தப் பெரிய தோட்டாவையும்விட மேல்.

பன்றி வேறு ஜாதி

ஆண் பன்றிக்குத் தோள்பட்டையின் மேல் கேடயம் மாதிரித் தடித்த தோல் இருக்கும். மரத்தில் உரசி, மற்ற ஆண்களோடு முட்டி இறுகிப் போனது. இதயமும் நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக, முன்னங்காலுக்கு நேராக இருக்கும். மானுக்குச் சுடுகிற மாதிரி நடு உடம்பில் சுட்டால் பன்றி போய்க்கொண்டே இருக்கும். அடிபட்டுப் புதருக்குள் போன பன்றியைத் தேடிப் போவது எவ்வளவு ஆபத்து என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் பன்றிக்கு மெல்லிய குண்டு கூடாது. உள்ளே போய்ச் சிதறாமல் ஒரே துண்டாக நிற்கும் குண்டு வேண்டும். முழுச் செம்புக் குண்டு அதற்கு நல்லது. இறைச்சியில் ஈயத் துகள் கலக்கிற கவலையும் இல்லை. குழந்தைகள் சாப்பிடும் வீட்டில் இது முக்கியம்.

எந்தத் துப்பாக்கி?

முதல் துப்பாக்கிக்கு போல்ட் ஆக்‌ஷன்தான். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ள வேண்டும். எளிமையானது, கெட்டுப்போகாது, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். முதல் குண்டை நிதானமாகப் போட வைக்கும் என்பது இன்னொரு லாபம். பின்லாந்தின் டிக்கா, ஜப்பானின் ஹோவா இரண்டும் நியூசிலாந்தில் நிறையப் பேர் வைத்திருப்பவை. மழையும் ஈரமும் உள்ள ஊருக்குத் துருப்பிடிக்காத எஃகுக் குழல் நல்லது.

பேரைவிட முக்கியம் அளவு. கடைத் துப்பாக்கியின் பின்கட்டை பொதுவாக, விசையிலிருந்து தோள் வரை, பதின்மூன்றரை அங்குலம் இருக்கும். உயரமான வெள்ளைக்காரருக்கு அது சரி. ஐந்தடி நாலங்குலம் இருக்கிற எங்கள் பிள்ளைக்குக் கன்னம் சரியாக உட்காராது. கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றி, கண்ணைத் திறந்தால் தொலைநோக்கி முழு வட்டமாகத் தெரிய வேண்டும். நிழல் விழுந்தால் அது உங்கள் துப்பாக்கி இல்லை. செருப்பு வாங்கும்போது போட்டுப் பார்க்கிறோம், இதில் கூச்சம் எதற்கு?

தொலைநோக்கியில் 3-9 மடங்கு பெருக்கமும் 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடியும் உள்ளது போதும். கையில் இருக்கும் பணம் முழுவதையும் துப்பாக்கியில் போட்டுவிட்டு மலிவுக் கண்ணாடி வாங்கினால், சாயங்கால வெளிச்சத்தில் மானுக்கும் மரக்கட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. சத்தம் குறைக்கும் கருவி நியூசிலாந்தில் சட்டப்படி செல்லும். காது ஒன்றுதான், வாங்கிக்கொள்ளலாம். பயிற்சிக்கு யாரிடமாவது ஒரு .22 இருந்தால் முதல் சில மாதம் அதிலேயே சுட்டுப் பழகலாம். தோட்டா மலிவு, உதை இல்லை. ஆனால் அதை மானின் மேல் நீட்டக் கூடாது.

வீட்டில் எங்கே வைப்பது?

அக்கா கடைசியாகக் கேட்டது இதுதான். வீட்டில் ஆறு வயதுப் பேரன் இருக்கிறான். அந்த நாட்டு விதிப்படி பூட்டிய இரும்பு அலமாரி வேண்டும். தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. தாழ்ப்பாளைக் கழற்றித் தனியாக வைக்கலாம். உரிமம் இல்லாதவர் கையில், அது மனைவியாகவே இருந்தாலும், சாவி போகக் கூடாது. மருமகன் துப்பாக்கிக்கு முன்னால் அலமாரியை வாங்கி, சுவரில் போல்ட் போட்டு இறுக்கி, படம் எடுத்து அனுப்பினான். அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இது பூஜை அலமாரியைவிடப் பெருசா இருக்கு" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது பாதிச் சம்மதம்.

நியூசிலாந்தில் ஏழு பாதுகாப்பு விதிகளை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினை. பத்திரமான திசையில் மட்டும் காட்டு. சுடப் போகும்போது மட்டும் தோட்டா ஏற்று. இலக்கு என்னவென்று சந்தேகமே இல்லாமல் உறுதி செய். சுடும் திசையில் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார். துப்பாக்கியையும் தோட்டாவையும் பத்திரமாகப் பூட்டி வை. குடித்துவிட்டோ போதையிலோ தொடாதே. இதில் நாலாவதை அப்பாவும் சொல்வார், அவர் பாணியில்: "ஆடுற செடியைச் சுடாத. ஆட்டுறது யாருன்னு பாத்துட்டுச் சுடு." செடியை ஆட்டினது பக்கத்து வயல்காரனாகவும் இருக்கலாம் அல்லவா?

மருமகன் கடைசியில் வாங்கியது 7 எம்எம்-08, கட்டை குட்டையானது. முதல் சீசனில் மூன்று தடவை காட்டுக்குப் போய் ஒரு குண்டும் சுடாமல் திரும்பினான். ஒரு தடவை மான் கண்ணுக்கு நேராக நின்றதாம். பின்னால் மேட்டில் நடைபாதை போனதால் இறக்கிவிட்டானாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. நாலாவது தடவை ஒரு பெண் மான், ஒரே குண்டு. இறைச்சியை அக்கம்பக்கத்துக்கும் கொடுத்திருக்கிறான். மான் கறியில் கொழுப்பு இல்லை, தயிரும் இஞ்சியும் போட்டு ஊற வைத்து மெதுவாக வேகவை என்று அக்காதான் போனில் சொல்லிக் கொடுத்தாள்.

உங்கள் வீட்டிலும் பிள்ளை இந்தக் கேள்வியோடு வந்தால் வரிசை இதுதான்: வீட்டாரின் சம்மதம், பயிற்சி, உரிமம், இரும்பு அலமாரி, அனுபவசாலி ஒருவரோடு துப்பாக்கி இல்லாமல் இரண்டு தடவை காட்டு நடை. துப்பாக்கி கடைசி. இந்த வரிசையில் ஏதாவது ஒரு இடத்தில் பிள்ளை அவசரப்பட்டால், அவனுக்கு இன்னும் காலம் வரவில்லை என்று அர்த்தம். மான் எங்கேயும் போய்விடாது.