ஆசிரியர்களை இழந்த வட்டுக்கோட்டை

பொன்மலை ரயில்வே குடியிருப்பில் நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, கணக்குப் பாடம் நடத்திய ஆசிரியர் கோடை விடுமுறைக்குப் பின் பள்ளிக்குத் திரும்பவில்லை. அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்துவிட்டார் என்றார்கள். ஊதியம் கூடுதல்; குடியிருப்பும் ஓய்வூதியமும் உண்டு. அவரை யாரும் குறை கூறவில்லை. எங்களுக்குத்தான் அவரைப்போல் கணக்குச் சொல்லித்தர வேறொருவர் வாய்க்கவில்லை.

பின்னாளில் பொருளியல் கற்பித்துக்கொண்டிருந்தபோது, இதே நிகழ்வு ஒரு கல்வி நிறுவனத்தையே விழுங்கிய வரலாற்றைப் படித்தேன். அந்நிறுவனத்தின் முதல் தலைவர் டேனியல் பூர் என்னும் அமெரிக்கர்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டான்வர்ஸ் என்ற ஊரில் 1789-இல் பிறந்தவர் பூர். டார்ட்மவுத் கல்லூரியிலும் ஆண்டோவர் இறையியல் பள்ளியிலும் பயின்று, 1816-இல் மிஷனரியாக இலங்கை வந்தார். யாழ்ப்பாணத்தின் தெல்லிப்பழையில் தமிழ் கற்று, பள்ளி தொடங்கினார். 1823-இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் நிறுவிய செமினரியின் பொறுப்பை ஏற்றார்.

இதன் நோக்கம் மதப்பரப்பு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், கிராமப் பள்ளிகளைப் பெருக்கினால் அவற்றுக்கு ஆசிரியர்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்வி அங்கே தொடக்கத்திலேயே எழுந்தது. உபதேசியார்களோடு பள்ளி ஆசிரியர்களையும் உருவாக்கும் இடமாகவே செமினரி அமைந்தது. அதே 1823-இல்தான் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் சாமுவேல் ஹால் என்பவர் ஆசிரியர்களுக்கென்று ஒரு தனிப் பள்ளியைத் தொடங்கினார். பூரின் சொந்த மாநிலத்தில் அரசின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி உருவானது 1839-இல்தான்.

வட்டுக்கோட்டையில் ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல் ஆகியவை கற்பிக்கப்பட்டன. 1829-ஆம் ஆண்டின் சந்திர கிரகணம் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்பும் செமினரியின் கணிப்பும் வேறுபட்டபோது, எது சரியென்று வானத்தைப் பார்த்தே முடிவு செய்யலாம் என்றார் பூர். முடிவு அவர் பக்கம் அமைந்தது. வென்றது யார் என்பதைவிட, பார்த்துத் தெளிந்த பின்பே ஏற்கும் பழக்கம் மாணவருக்கு வாய்த்ததே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பிற்காலத்தில் இலங்கையின் காலனியச் செயலாளர் எமர்சன் டென்னன்ட், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு இச்செமினரியை ஒப்பிட்டு எழுதினார்.

செலவை ஏற்றவர்கள் அமெரிக்க நன்கொடையாளர்கள். அவர்களின் பெயர்களையே மாணவர்களுக்கும் சூட்டினர். கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னால்டு சதாசிவம்பிள்ளை ஆகியோரின் முன்பெயர்கள் இவ்வகையில் வந்தவையே. ஒருவரின் கல்விக்கு யார் பணம் கொடுத்தார் என்பதை அவர் பெயரிலேயே எழுதிவைத்த வேறொரு கணக்கேட்டை நான் கண்டதில்லை.

1836-இல் பூர் மதுரைக்கு வந்து, சுற்றுவட்டாரத்தில் 37 பள்ளிகளை நிறுவி மேற்பார்வையிட்டார். மறு ஆண்டே அமெரிக்காவில் பெரும் நிதி நெருக்கடி. நியூயார்க் வங்கிகள் தடுமாறியதற்கு யாழ்ப்பாணத்துக் கிராமப் பள்ளிகள் மூடப்பட்டன. 1841-இல் பூர் யாழ்ப்பாணம் திரும்பினார்.

பணத்தட்டுப்பாட்டை ஒருவாறு சமாளித்த செமினரியால், பட்டறிவும் படிப்பும் பெற்ற தன் மாணவர்களைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஆங்கிலமும் கணக்கும் தெரிந்த இளைஞரை அரசு அலுவலகங்கள் விரும்பி அழைத்தன. மிஷன் பள்ளியின் ஊதியம் அதற்கு ஈடாகவில்லை. பூருக்குப் பின் அங்கே பயின்ற சி.வை. தாமோதரம்பிள்ளை நல்ல எடுத்துக்காட்டு. 1852-இல் கோப்பாயில் ஆசிரியரானவர், சென்னைக்கு வந்து, 1857-இல் விசுவநாதபிள்ளையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரானார். அரசின் கணக்குத் துறைக்குச் சென்றார். நம் அண்டையிலுள்ள புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். கலித்தொகையை 1887-இல் அச்சேற்றியவரும் அவரே. பள்ளிக்கு நேர்ந்த நட்டத்தைத் தமிழின் கணக்கில் வரவு வைக்கலாம். ஆனால், எல்லா எழுத்தரும் தாமோதரம்பிள்ளை ஆவதில்லை.

1855-இல் ஆய்வுக்கு வந்த அமெரிக்க மிஷன் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன், ஆங்கிலக் கல்வியே மாணவரை அரசு வேலைக்கு இழுக்கிறது என்று கருதினார். அவ்வாண்டே செமினரி மூடப்பட்டது. பூர் அதைக் காணவில்லை. பிப்ரவரியிலேயே மானிப்பாயில் காலராவுக்கு இரையானார்.

ஆண்டர்சனின் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. பழி பாடத்திட்டத்தின் மேல் விழுந்தது. ஊதிய வேறுபாடு அப்படியே இருந்தது. 1854-இல் வெளியான சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை இதைச் சரியாகக் கண்டது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள் வேண்டும் என்று கூறியதோடு, மற்ற அரசுப் பணிகளுக்கு உள்ள ஈர்ப்பு ஆசிரியப் பணிக்கும் இருக்க வேண்டும் என்றது. இதில் முதற்பகுதி விரைவில் நிறைவேறியது. 1856-இல் சென்னையில் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி வந்தது; இன்றைய சைதாப்பேட்டை கல்லூரியின் முன்னோடி அது. இரண்டாம் பகுதியை எத்தனை தனியார் பள்ளி நிர்வாகங்கள் இன்றும் ஏற்கும்? பி.எட். முடித்த என் முன்னாள் மாணவர் சிலர், காலையில் வகுப்பெடுத்துவிட்டு மாலையில் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். தேர்ச்சி பெற்றதும் இனிப்போடு வீட்டுக்கு வருகிறார்கள். வாழ்த்தித்தான் அனுப்புகிறேன்.

வட்டுக்கோட்டை வளாகத்தில் 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கப்பட்டது. உயர்கல்விக்கு அங்கே மீண்டும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்டு முன்நின்றவர்களில், செமினரியில் படித்து வெளியேறிய பழைய மாணவர்களும் இருந்தனர்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).