காசு வாங்காத இரட்டை வைத்தியர்கள்

திருப்பலியில் முதலாம் நற்கருணை மன்றாட்டைச் செபிக்கும்போது, புனிதர்களின் நீண்ட வரிசையின் முடிவில் இரு பெயர்கள் வரும்: கொஸ்மாஸ், தமியான். அந்தோனியாருக்கும் செபஸ்தியாருக்கும் கொடியேற்றும் நமது தோட்டங்களில் இவர்களை அறிந்தவர் சிலரே.

இருவரும் இரட்டைச் சகோதரர்கள். அரேபியாவில் பிறந்து, இன்றைய துருக்கியின் தென்பகுதியான சிலிசியாவில் வைத்தியம் செய்து, தியோக்கிளேசியன் காலத்தில் வேதசாட்சிகளாக மரித்தார்கள் என்பது மரபு. பாப்பரசர் நான்காம் பெலிக்ஸ் (526-530) உரோமையில் அவர்களுக்கு ஆலயம் அமைத்தார். யாரிடமும் கூலி வாங்காததால் ‘வெள்ளிக்காசு தொடாதவர்கள்’ என்று கிரேக்கர் அழைத்தனர். நம் மலைநாட்டிலும் அந்த வழியில் நடந்தவர் உண்டு. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி ஊரே ஓடியபோது, கைவிடப்பட்ட நோயாளருடன் தங்கிப் பணிபுரிந்தார் யோசப் வாஸ் அடிகளார். 2015இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இரட்டையர் பற்றி ஒரு பழங்கதை உண்டு. நோய் தீர்ந்த பலதியா என்னும் பெண் தமியானுக்கு மூன்று முட்டைகளை நீட்டினாள். மறுத்தார். கடவுள் பெயரால் மன்றாடவே வாங்கிக்கொண்டார். செய்தி அறிந்த கொஸ்மாஸ், “செத்தாலும் அவனை என் பக்கத்தில் புதைக்காதீர்கள்” என்று கோபித்தாராம். பிறகு ஓர் ஒட்டகம் வாய்திறந்து, இருவரையும் ஒன்றாகவே அடக்கம் செய்யச் சொன்னதாம்! ஒட்டகத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் தமியான் கட்சி.

அட்டன் பக்கத்து லயமொன்றில் காய்ச்சலில் கிடந்த பேரனை இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுவாரம் பாட்டி முந்தானையில் முடிந்துவந்த இரண்டு முட்டைகளை நான் வேண்டாமென்றேன். “ஏன் சாமி, நாங்க குடுத்தா ஆகாதா?” என்றார். வாங்கிக்கொண்டேன்.

தோட்டங்களில் மருத்துவ வசதி செய்ய வேண்டுமென 1912இலேயே சட்டம் இயற்றப்பட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இன்றும் மருந்து இலவசம். ஆனால் கொழுந்து பறிக்கும் தாய் அங்கே போனால் அன்றைய பேர் போய்விடும்; ஆட்டோவுக்கும் கொடுக்க வேண்டும். அதனால்தான் நெஞ்சுவலியைக்கூட ஞாயிறுவரை தள்ளிப்போடுகிறார்கள். இந்தக் கணக்கைப் பார்க்காத இலவசம் அரைகுறையே.

இரட்டையரின் திருநாள் செப்டெம்பர் 26. எங்கள் பங்கில் அன்றைய திருப்பலி, கொழுந்து நிறுத்து முடிந்தபின் மாலையில்தான். கோயில் முற்றத்தில் பிரசரும் சீனியும் பார்ப்போம். எல்லா மதத்தவரும் வரலாம். முட்டை கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வோம்.